வழக்கு: பேசும் முறைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

'வழக்கு' என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது நீதிமன்றம். வழக்குத் தொடுத்தார், வழக்கு தள்ளுபடியானது என்று செய்தித்தாளில் நாள்தோறும் படிக்கிறோம். இலக்கண வகுப்புக்குள் போனால் அதே சொல் உலக வழக்கு, செய்யுள் வழக்கு, இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று வேறு முகம் காட்டுகிறது. சிறுகதை விமர்சனத்தில் 'வட்டார வழக்கு' வருகிறது. அகராதியைப் புரட்டினால் சில சொற்களுக்குப் பக்கத்தில் 'பே.வ.' என்று போட்டிருக்கும். பேச்சு வழக்கு என்று பொருள். மக்கள் பேசும் முறைக்கும் நீதிமன்றத்தில் நடப்பதற்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தியது? விடை அந்தச் சொல்லின் வேரில் இருக்கிறது. வேரைப் பிடித்துக்கொண்டால் இலக்கணத்தில் மனப்பாடமாகச் சொல்லித்தரப்படும் பல பிரிவுகள் தாமாகவே விளங்கும்.

வேர்: வழங்கு

பேசு என்ற வினையிலிருந்து பேச்சு, எழுது என்பதிலிருந்து எழுத்து, பாடு என்பதிலிருந்து பாட்டு. மூன்றிலும் கடைசி வல்லின எழுத்து இரட்டித்து வினை பெயராகிறது. 'வழங்கு' என்ற வினையும் இதே பாதையில் போகிறது. ஆனால் அதன் கடைசியில் ங், கு என்ற மெல்லின வல்லின இணை இருப்பதால், மெல்லினம் தன் இன வல்லினமாக மாறி வழக்கு ஆகிறது. 'அம்' சேர்ந்தால் வழக்கம். முழங்கு - முழக்கம், மயங்கு - மயக்கம், கலங்கு - கலக்கம் எல்லாம் இந்த வாய்பாடுதான். சொல்லின் நடுவே ழகரம் நிற்பதும், தமிழுக்கே உரிய முறையில் அது பெயராகியிருப்பதும், இது கடன் வாங்கிய சொல் அன்று என்பதைக் காட்டிவிடுகின்றன.

இன்று 'வழங்கு' என்றால் கொடு என்றே எடுத்துக்கொள்கிறோம்: விருது வழங்கினார், நிவாரணம் வழங்கப்பட்டது. பழைய இலக்கியத்தில் இதன் முதன்மையான பொருள் வேறு. இயங்குதல், உலாவுதல், நடமாடுதல். யானை வழங்கும் காடு என்றால் யானை கொடுக்கும் காடு அன்று, யானை நடமாடும் காடு. திருக்குறளின் 245ஆம் பாடலில் இது தெளிவாகத் தெரியும்:

"அல்லல் அருளாள்வார்க்கு இல்லை வளிவழங்கும்
மல்லன்மா ஞாலங் கரி."

வளி என்றால் காற்று. 'வளி வழங்கும் ஞாலம்' என்பது காற்று உலவுகின்ற உலகம். அதே நூலின் 99ஆம் குறளில், இன்சொல்லின் இனிமையை அனுபவித்து அறிந்தவன் 'வன்சொல் வழங்குவது' எதற்காக என்று வள்ளுவர் கேட்கிறார். அங்கே வழங்குவது என்பதற்குச் சொல்லுதல், பயன்படுத்துதல் என்று பொருள். 477ஆம் குறளில் 'போற்றி வழங்கு நெறி' என்று வரும்போது அது கொடுத்தல். நடமாடுதல், பேசுதல், கொடுத்தல் மூன்றும் ஒரே நூலுக்குள் ஒரே வினையில் இருக்கின்றன.

மூன்றுக்கும் பொதுவாக இருப்பது, ஒன்று ஓரிடத்தில் நின்றுவிடாமல் இயங்குவது. யானை காட்டில் வழங்குகிறது. பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வழங்குகிறது. சொல் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு வழங்குகிறது. 'இவ்வூர் முற்காலத்தில் வேறு பெயரால் வழங்கியது' என்று எழுதும்போது இன்றைக்கும் இந்தப் பழைய பொருளைத்தான் கையாள்கிறோம். பெயர் மக்களிடையே நடமாடியது என்பதுதான் அதன் உட்பொருள். அப்படி நடமாடும் சொல்லுக்கும், அது நடமாடும் முறைக்கும் வைத்த பெயர்தான் வழக்கு. நடமாட்டம் நின்றுபோன சொல்லை 'வழக்கொழிந்த சொல்' என்கிறோம்.

இயக்கத்தை வைத்து முறைக்குப் பெயர் சூட்டுவது தமிழில் இந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. நட என்பதிலிருந்து நடை, உரைநடை, நடைமுறை. ஒழுகு என்பதிலிருந்து ஒழுக்கம். வழி என்று பொருள்படும் 'ஆறு' என்ற சொல் வழக்கோடு சேர்ந்தால் வழக்காறு. காசு 'செல்லும்', 'செல்லாது' என்கிறோம். ஒரு காசின் மதிப்பையே அது நடக்கிறதா இல்லையா என்பதை வைத்துச் சொல்லும் மொழி, சொல்லின் மதிப்பையும் அதே கோலால் அளந்ததில் வியப்பில்லை.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. வழி, வழு, வழுக்கு, வழக்கு என்று ஒலி ஒத்திருப்பதைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒலி ஒற்றுமை ஒரு தடயம் மட்டுமே. பொருள் எப்படி மாறியது, சொல் எப்படிப் பிறந்தது என்ற இரண்டையும் பழைய ஆட்சிகளோடு காட்ட முடிந்தால்தான் உறவு என்று சொல்லலாம். வழங்கு - வழக்கு உறவுக்கு அந்த இரண்டு சான்றும் இருக்கின்றன.

நெறியாகி, பிறகு நீதிமன்றம் போனது

குறளில் 'வழக்கு' என்ற பெயர்ச்சொல்லும் வருகிறது. "அன்போடு இயைந்த வழக்கென்ப" என்று 73ஆம் குறளும், "அன்புற்று அமர்ந்த வழக்கென்ப" என்று 75ஆம் குறளும், "பண்புடைமை என்னும் வழக்கு" என்று 992ஆம் குறளும் சொல்கின்றன. இங்கெல்லாம் நீதிமன்றம் கிடையாது. நெறி, வாழும் முறை என்ற பொருளே அடித்தளம். பலர் நடந்து நடந்து பாதை ஆவதுபோல, பலர் செய்து செய்து முறை ஆகிறது.

முறை என்று ஒன்று வந்துவிட்டால், எது முறை என்ற சண்டையும் வரும். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தம் உரைப்பாயிரத்தில் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறார். ஒரு பொருளைத் தனித்தனியே எனது எனது என்று இருப்பவர்கள், அது காரணமாகத் தம்முள் மாறுபட்டு அப்பொருள்மேல் செல்வதே வழக்கு என்பது அவர் தரும் விளக்கம். கடன் கொள்ளுதல் முதலாகப் பதினெட்டு வகை அதற்கு உண்டு என்றும் சொல்கிறார். அவருக்குப் பல நூற்றாண்டு முந்திய சிலப்பதிகாரத்தில், பாண்டியன் அவையில் கண்ணகி நீதி கேட்கும் பகுதிக்கு 'வழக்குரை காதை' என்றே பெயர். ஆக, நெறி என்ற பொருளும் நெறியைப் பற்றிய முறையீடு என்ற பொருளும் நெடுங்காலமாக அருகருகே இருந்துவருகின்றன. மலையாளத்தில் இதே சொல் 'வழக்கு' என்று சண்டையைக் குறிக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகும் முன் வீட்டு வாசலில் நடப்பதை அந்த மொழி பிடித்து வைத்துக்கொண்டது.

இலக்கணத்தில் வழக்கு

தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் பனம்பாரனார் எழுதியது. வடவேங்கடம் தென்குமரி என்று தமிழின் எல்லையைச் சொன்ன கையோடு, "தமிழ்கூறும் நல்லுலகத்து வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்" ஆராய்ந்து நூல் செய்ததாகச் சொல்கிறது. ஆயிரு முதல் என்றால் அந்த இரண்டு அடிப்படைகள். ஒன்று மக்கள் பேசும் மொழி, மற்றொன்று புலவர் பாடும் மொழி. இரண்டில் வழக்குதான் முதலில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இலக்கணத்தைப் பேச்சுக்கு எதிரியாகக் காட்டுபவர்கள் இந்த வரியை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

அப்படியானால் யார் பேசினாலும் அது வழக்குதானா? மரபியலில் தொல்காப்பியர் ஓர் எல்லை போடுகிறார்: "வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே." வழக்கு என்று சொல்லத்தக்கது உயர்ந்தோரைச் சார்ந்தது என்பது கருத்து. இதை மட்டும் எடுத்துக்கொண்டு, படித்தவர் தமிழைத் தவிர மற்றதெல்லாம் பிழை என்று வாதாடுபவர்கள் உண்டு. ஆனால் எச்சவியலில் அதே தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கு வகைச் சொற்களையும் ஏற்கிறார். "செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும்" வழங்கும் சொற்கள் திசைச்சொல் என்று அவற்றுக்கு இலக்கணத்துக்குள்ளேயே இடம் கொடுக்கிறார். உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகள் அருமையானவை. குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர், குடநாட்டார் தந்தையை 'அச்சன்' என்பர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த நிலப்பகுதி இன்றைய கேரளம். அங்கே தள்ளையும் அச்சனும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

நன்னூல் வகுக்கும் ஆறு

பள்ளிப் பாடத்தில் வரும் பிரிவு நன்னூலிலிருந்து வருவது. பவணந்தி முனிவர் 267ஆம் நூற்பாவில் வழக்கை ஆறாக்குகிறார். மூன்று இயல்பு வழக்கு, மூன்று தகுதி வழக்கு. இரண்டையும் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: இந்தச் சொல்லை வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறோமா? இல்லையென்றால் இயல்பு. ஏதோ ஒரு காரணத்துக்காக, இந்த இடத்தில் இதைச் சொல்வதே தகும் என்று மாற்றினால் தகுதி.

இயல்பு வழக்கில் முதலாவது இலக்கணமுடையது. நிலம், நீர், தீ என உள்ளபடி நிற்பது, விளக்கம் தேவையில்லை. இரண்டாவது இலக்கணப்போலி. சொல்லின் உறுப்புகள் முன்பின்னாக மாறி நின்றாலும், தொன்றுதொட்டு அப்படியே வழங்கிவருவதால் இலக்கணமுடையதுபோல ஏற்றுக்கொள்ளப்பட்டது. வீட்டின் முன்பக்கம் 'இல்முன்' ஆக வேண்டும். அது 'முன் + இல்' என்று மாறி, நடுவே றகரம் தோன்றி 'முன்றில்' ஆனது. நகர்ப்புறம் புறநகர் ஆனதும் இந்த வகை. மூன்றாவது மரூஉ: தஞ்சாவூர் தஞ்சை, திருநெல்வேலி நெல்லை, சோழநாடு சோணாடு, என் தந்தை எந்தை. மருவி வந்ததால் மரூஉ.

மாணவர்கள் அதிகம் இடறுவது இந்த இரண்டிலும்தான். உறுப்புகள் இடம் மாறியிருந்தால் இலக்கணப்போலி, எழுத்துகள் கெட்டோ குறைந்தோ திரிந்தோ இருந்தால் மரூஉ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. இலக்கணப்போலியை எழுத்திலக்கணத்தில் வரும் 'போலி'யோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. அகம் - அகன் என்பதுபோல ஓர் எழுத்து நின்ற இடத்தில் வேறோர் எழுத்து வந்து பொருள் மாறாமலிருப்பது அது.

தகுதி வழக்கு மனிதர்களின் மனத்தைக் காட்டுவது. ஆறில் சுவை மிகுந்த பகுதியும் இதுதான். வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தான்' என்பது காலங்காலமான எடுத்துக்காட்டு. மங்கலமில்லாததை மங்கலமாகச் சொல்வது மங்கலம். இறந்தார் என்பதற்கு இறைவனடி சேர்ந்தார், இயற்கை எய்தினார், பழைய நூல்களில் துஞ்சினார். ஒருவர் தம் நம்பிக்கைக்கு ஏற்ப இறைவனையோ இயற்கையையோ தேர்கிறார் என்பதைப் பாருங்கள். நன்னூலின் இந்த வகுப்பு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுப் பழையது, அதற்குள் புதுச் சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் சொன்னதாக உரைகள் கூறுகின்றன. இன்று எந்தத் தொழிற்கூடத்துக்குப் போனாலும் புதிய குழூஉக்குறிகள் காதில் விழும். ஆனால் மறைக்கும் நோக்கமில்லாத கலைச்சொல்லைக் குழூஉக்குறி என்பது பொருந்தாது.

பேச்சு வழக்குக்கு விதி இல்லையா?

எழுத்துத் தமிழைச் சிதைத்தால் பேச்சுத் தமிழ் கிடைக்கும் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. ஓர் ஒலிமாற்றத்தை நெருங்கிப் பார்ப்போம்.

படித்தான் என்பது பேச்சில் படிச்சான். அடித்தான் அடிச்சான், சிரித்தாள் சிரிச்சா, வைத்தான் வச்சான். அப்படியானால் நடந்தான் 'நடஞ்சான்' ஆக வேண்டுமே? யாரும் அப்படிச் சொல்வதில்லை. கொடுத்தான் 'குடுச்சான்' ஆவதில்லை, குடுத்தான் என்றே நிற்கிறது. ஆனால் முடிந்தது முடிஞ்சது ஆகிறது, அறிந்து அறிஞ்சு ஆகிறது. வினையடியின் கடைசி உயிரைப் பாருங்கள். படி, அடி, சிரி, முடி, அறி எல்லாம் இகரம், வை ஐகாரம். நட என்பதில் அகரம், கொடு என்பதில் உகரம். ஆக விதி இதுதான்: இகரத்திலோ ஐகாரத்திலோ முடியும் வினையடியோடு சேரும் த்த் ச்ச் ஆகும், ந்த் ஞ்ச் ஆகும்.

காரணமும் எளிது. இ, ஐ ஒலிக்கும்போது நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழுகிறது. உடனே பல்லடிக்குப் போய்த் தகரம் ஒலிப்பதைவிட, நாக்கு ஏற்கெனவே எழுந்து நிற்கும் இடத்திலேயே சகரம் ஒலிப்பது எளிது. சித்தி 'சிச்சி' ஆகாததற்குக் காரணம், அங்கே தகரம் சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது, வினையடியோடு ஒட்டிய கால இடைநிலையாக இல்லை. ஐந்து வயதுக் குழந்தைகூட இந்த விதியைப் பிழையில்லாமல் பின்பற்றும்.

இன்னும் ஒரு செய்தி. ஐந்து - அஞ்சு என்பதை இலக்கணம் முற்றுப்போலி (எழுத்துகள் எல்லாம் மாறியும் பொருள் மாறாதது) என்று மதிப்போடு ஏற்கிறது. 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் 'அஞ்செழுத்துமே' என்று பாடிவிட்டார். அங்கே தகரம் சொல்லின் உடம்பிலேயே இருந்தும், ஐகாரத்துக்குப் பின் ந்து ஞ்சு ஆகியிருக்கிறது. அதே மாற்றம் நடந்த 'முடிஞ்சு' மட்டும் கொச்சை எனப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு ஒலியில் இல்லை. ஒன்று பழைய செய்யுளில் ஏறியது, மற்றொன்று ஏறவில்லை.

இடம் - எடம், இலை - எல, விலை - வெல, உடம்பு - ஒடம்பு, குடம் - கொடம், உலகம் - ஒலகம் என்பதும் விதிப்படி நடப்பதே. முதலசையில் குறில் இ அல்லது உ இருந்து, அடுத்து ஒரே மெய் வந்து, அதன்மேல் அகரமோ ஐகாரமோ ஏறியிருந்தால் இ எகரமாகும், உ ஒகரமாகும். நடுவே இரண்டு மெய் வந்தால் மாறாது: இந்த, சின்ன, உண்மை அப்படியே இருக்கின்றன. அடுத்த உயிர் இகரமாக இருந்தாலும் மாறாது. இடி இடியாகவே நிற்கும். ற்ற் த்த் ஆவதும் (காற்று - காத்து, நேற்று - நேத்து), ன்ற் ண்ண் ஆவதும் (ஒன்று - ஒண்ணு) புதியவை அல்ல. இத்தகைய பேச்சு வடிவங்களை அந்தக் காலத்திலேயே குறித்துவைத்திருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியத்துக்கு எழுந்த பழைய உரை, வெற்றிலையை வெச்சிலை என்றும் முற்றத்தை முச்சம் என்றும் பேசுவதைக் காட்டுகிறது.

ஒரே மொழியில் பேச ஒரு வடிவமும் எழுத ஒரு வடிவமும் நெடுங்காலம் சேர்ந்து வாழும் நிலையைத் தமிழில் இரட்டை வழக்கு என்கிறோம். 1959இல் சார்லஸ் பெர்கூசன் எழுதிய கட்டுரைக்குப் பின் மொழியியலில் இதைப் பற்றிய ஆய்வு பெருகியது. அரபு, நவீன கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹெய்தி கிரியோல் ஆகிய நான்கையும் அவர் முதன்மையாக எடுத்துக்கொண்டார். தமிழிலும் இது நன்றாகத் தெரியும்: மேடையில் ஒன்று, மேடையை விட்டு இறங்கியதும் இன்னொன்று. இதை ஒரு குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் எது என்று தெரிந்திருந்தால் போதும்.

வட்டார வழக்கு

'அவர்கள்' என்ற ஒரு சொல் பேச்சில் எத்தனை வடிவம் எடுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் அவங்க. மதுரை, இராமநாதபுரம் பக்கம் அவுக. நெல்லை, குமரிப் பக்கம் அவிய. யாழ்ப்பாணத்தில் அவையள். 'வந்துகொண்டிருக்கிறான்' என்பது வந்துக்கிட்டிருக்கான், வந்துட்டிருக்கான், வந்துண்டிருக்கான் என்று ஊருக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப மாறுகிறது. 'கொண்டு' என்ற துணைவினை எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு. யாழ்ப்பாணப் பேச்சில் அது ஏறத்தாழ முழுதாகவே நிற்கிறது.

வட்டார வழக்கு என்பது ஒலி மட்டும் அன்று. சொல் வேறாகலாம், ஒரே சொல்லுக்குப் பொருள் வேறாகலாம், வினைமுற்று வேறாகலாம், மரியாதை காட்டும் முறை வேறாகலாம். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதி செய்தபோது, அதில் வேளாண்மை, ஆடுமாடு, மழை, மண் பற்றிய சொற்கள் நிறைந்திருந்தது இயல்பானது. வாழ்க்கை எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே சொல்லும் அடர்ந்திருக்கும்.

அருகில் நிற்கும் சொற்கள்

வழக்கு, வழக்கம் இரண்டும் ஒரே வேர் என்றாலும் இடம் மாற்றிப் போட முடியாது. வழக்கம் ஒருவர் அல்லது ஊர் தொடர்ந்து செய்வது; 'காலையில் நடப்பது என் வழக்கம்' என்கிறோம், 'என் வழக்கு' என்றால் வக்கீலைத் தேட வேண்டியிருக்கும். வழமை என்பது இலங்கைத் தமிழில் வழக்கத்துக்கு நிகராக மிகுதியாக வழங்குகிறது. வழக்காறு என்பதை இன்று நாட்டார் வழக்காறு என்ற தொடரில் அதிகம் பார்க்கிறோம். அது பேச்சோடு நிற்காமல் கதை, பாடல், சடங்கு, கைவினை எல்லாவற்றையும் தழுவும். நடை ஒருவருடைய எழுத்திலோ பேச்சிலோ உள்ள தனித்தன்மை. வழக்கு சமூகத்துக்குச் சொந்தம், நடை ஆளுக்குச் சொந்தம். தொனி வடமொழியின் 'த்வனி'யிலிருந்து வந்தது. சொல்லும் குரலையும் சொல்லாமல் உணர்த்துவதையும் குறிக்கும். 'அவர் பேசிய தொனி பிடிக்கவில்லை' என்ற இடத்தில் வழக்கு பொருந்தாது.

கொச்சை என்ற சொல்லைக் கையாளும்போது மட்டும் நிதானம் வேண்டும். பேச்சு வழக்கு முழுவதையும் கொச்சை என்பவர்கள் உண்டு. பேச்சு வழக்கு என்பது ஒரு மொழி வடிவத்தின் பெயர். கொச்சை என்பது அந்த வடிவத்தின்மேல் நாம் சொல்லும் தீர்ப்பு. வாழைப்பழத்தை 'வாழப்பயம்' என்பவரின் பேச்சில் ழகரம் யகரமாவது ஒழுங்காக, எல்லாச் சொல்லிலும் நடக்கிறது என்றால் அதுவும் ஓர் ஒலிவிதிதான். அதை மேடையிலோ விண்ணப்பத்திலோ பயன்படுத்தக் கூடாது என்று சொல்லலாம். பேசுபவருக்கு மொழி தெரியாது என்று சொல்ல முடியாது.

எழுதும்போது

பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு இரண்டில் எதிலும் எழுதலாம். ஒரே வாக்கியத்துக்குள் கலந்தால்தான் உறுத்தும். 'அவர்கள் நேத்து வந்துக்கிட்டு இருந்தனர்' என்பதில் நேத்து, வந்துக்கிட்டு இரண்டும் பேச்சு. அவர்கள், இருந்தனர் இரண்டும் எழுத்து. 'அவர்கள் நேற்று வந்துகொண்டிருந்தனர்' என்றோ 'அவங்க நேத்து வந்துக்கிட்டிருந்தாங்க' என்றோ ஒன்றாக்க வேண்டும். சரிபார்க்க எளிய வழி, முதலில் வினைமுற்றைப் பார்ப்பது. -ஆர்கள், -அனர், -கிறது என்று முடிந்தால் மற்றச் சொற்களும் எழுத்து வழக்கில் இருக்க வேண்டும். கதையில் உரையாடல் பேச்சு வழக்கிலும் விவரிப்பு எழுத்து வழக்கிலும் இருப்பது கலப்பு அன்று. இரண்டும் மேற்கோள் குறிக்கு இரண்டு பக்கம் நிற்கின்றன.

பேச்சை அப்படியே எழுத்தில் வடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வந்தான், வந்தாள், வந்தால் மூன்றும் பேச்சில் 'வந்தா' என்றே கேட்கின்றன. ஆனால் வந்தான் என்பதன் கடைசி உயிர் மூக்கொலியோடு ஒலிக்கும், மற்ற இரண்டும் அப்படி ஒலிக்காது. காது பிரித்துவிடும். மூக்கொலி உயிருக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால்தான் உரையாடல் எழுதும்போது ஆண்பாலுக்கு னகரத்தை விட்டுவிடாமல் 'வந்தான்' என்றே எழுதுவது நல்லது. 'அவன் வந்தா சொல்லு' என்பதில் 'வந்தா' நிபந்தனை என்று வாசகர் தயங்காமல் எடுத்துக்கொள்வார்.

வழக்கு என்ற சொல்லையே எழுதும்போது புணர்ச்சியையும் கவனிக்க வேண்டும். இது வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை அடுத்துக் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம். உயிரெழுத்து வந்தால் உகரம் கெடும்: வழக்கு + அறிஞர் வழக்கறிஞர், வழக்கு + ஆறு வழக்காறு, வழக்கு + ஒழிந்த வழக்கொழிந்த. க, ச, த, ப வந்து தொகையாகச் சேர்ந்தால் வல்லினம் மிகும்: வழக்குச்சொல், வழக்குத்தமிழ். 'வழக்கு சொல்' என்று பிரித்து ஒற்றில்லாமல் எழுதுவது பிழை. எழுவாயாக நின்றால் மிகாது. 'வழக்கு தள்ளுபடியானது' என்பதில் ஒற்று வராததற்கு அதுவே காரணம்.